சாணி போடாத காளைகள்

என்னை முதலில் ஏமாற்றியவன் என் மச்சினன் திருமூர்த்தி. கிஷோர் சார் இரண்டாவது ஆள்தான். ஊரில் இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறார்கள். கிஷோர் சார் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்கிறார்கள். அது தப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் ஊசிப்பாளையத்தில் வியாழக்கிழமை தோறும் மாட்டுச் சந்தை கூடும். நானும் திருமூர்த்தியும் அங்கே முப்பத்தொரு வருஷமாகத் தரகர்கள். அவன் விற்கிறவன் பக்கம் நின்றால் நான் வாங்குகிறவன் பக்கம் நிற்பேன், நான் அந்தப் பக்கம் போனால் அவன் இந்தப் பக்கம் வருவான். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. ஒரு துண்டை விரித்து, அதற்கடியில் இரண்டு பேரும் கையை நுழைத்துக்கொள்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்று விரலைப் பிடித்தால் மூன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது எதிரே நிற்கிற மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், ஒருவனுக்கும் விலை தெரியாது. வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் வியாபாரம் பேசும். துண்டுக்குள் போன கை ஒன்று சம்மதம் என்று இறுக்கிவிட்டு வெளியே வரவேண்டும், இல்லை சம்மதமில்லை என்று உள்ளங்கையைத் தட்டிவிட்டு வெளியே வரவேண்டும். பதில் சொல்லாமல் உருவிக்கொண்ட கை ஒன்று எங்கள் சந்தையில் அதுவரை இருந்ததில்லை.

போன வருஷம் ஆடி மாதம் மூன்றாவது வியாழக்கிழமை, ஒரு ஜோடிக் காளைக்கு நான் திருமூர்த்தியின் மூன்று விரலைப் பிடித்து அழுத்தினேன். அவன் சட்டைப் பையில் போன் டிங் என்றது. அவன் கையை உருவினான். போனை எடுத்துப் பார்த்தான், சிரித்தான், அப்படியே நடந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டான். என் கை துண்டுக்குள் தனியாக நின்றது. நூறு பேர் பார்த்தார்கள். அந்த ஜோடிக் காளையை வேறொரு தரகன் முடித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அந்தத் துண்டை நான் துவைக்கவில்லை, வேறு வியாபாரத்துக்கு விரிக்கவும் இல்லை. ஒரு பேரம் உள்ளே திறந்து கிடக்கும்போது துண்டைத் துவைக்கக் கூடாது.

அந்த டிங்தான் ரிஷபா காயின். கிஷோர் சார் என்று ஒருவர் போனில் அறிமுகமாகி, கோட் போட்டுக் காரில் சாய்ந்து நிற்கிற படத்தை அனுப்பி, இது கண்ணுக்குத் தெரியாத காசு, கையில் தொட முடியாது, ஆனால் போட்டது மாட்டுக்கன்று வளர்வதுபோல் வளரும் என்று சொல்லியிருக்கிறார். தொட முடியாத காசு என்றால் வேறு ஊரில் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

"நம்ம துண்டாட்டத்தான்," என்று திருமூர்த்தி டீக்கடையில் எல்லோருக்கும் விளக்கினான். "உள்ள நடக்கறது வெளிய தெரியாது. தெரியாததுனால இல்லைன்னு ஆயிருமா?"

தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்குத் தெரியாத விலையில் வாழ்ந்த ஊருக்கு அந்தப் பேச்சு நன்றாகப் புரிந்தது.

அவன் ஐம்பதாயிரம் அனுப்பினான். மறுநாள் காலை அவன் வீட்டுக் கட்டுத்தாரையில், மாடுகள் கட்டுகிற இடத்தில், சும்மா கிடந்த ஒரு பழைய கயிறு தரையை விட்டு எழுந்து இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. ஒரு நுனி முளைக்குச்சியில் இருந்தது, மறு நுனியில் இருந்த சுருக்கு ஒரு கன்றின் கழுத்தளவுக்கு வட்டமாகத் திறந்திருந்தது. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. கையை விட்டால் கை அந்தப் பக்கம் போனது. ஆனால் முன்னால் வைத்த தவிடு குறைந்தது.

திருமூர்த்தியின் மனைவி கண்ணாத்தாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "தவிடே போதுங்களா, பருத்திக்கொட்டையும் ஊற வெக்கோணுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் அதைப் பற்றி நடந்த விசாரணை.

ஊர் வந்து பார்த்தது. புதுக் கன்று பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி ஆளுக்கொரு கட்டு அகத்திக்கீரை கொண்டு போனார்கள், கீரை மறைவதைப் பார்த்தார்கள், நல்ல வாய் என்றார்கள். மாட்டுக்கு வயது சொல்கிறவர் ஒருவர் கயிற்றுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து காற்றில் கையை விட்டு அளைந்து, இன்னும் பல் போடவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். எட்டாம் நாள் திருமூர்த்தியின் வங்கிக் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் நிஜமாகவே வந்து விழுந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தான். அந்த ஆயிரத்து ஐந்நூறுதான் ஊரைக் கெடுத்தது. அதற்கப்புறம் அவன் கணக்கில் ஒரு ரூபாய்கூட விழவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. வடை கண் முன்னால் இருந்தது.

ஆவணி முடிவதற்குள் இருபது வீட்டில் கயிறு எழுந்து நின்றது, ஐப்பசியில் நாற்பது, தையில் அறுபத்து மூன்று. போனில் எண் ஏற ஏற கயிறும் ஏறியது, சுருக்கும் அகலமானது. கயிற்றுக்கு ஒரு சலங்கை கட்டிவிட்டால் எண் ஏறும்போதெல்லாம் தானாகக் குலுங்கும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து எங்கள் ஊர்த் தெருக்களில் மதிய நேரத்தில்கூட, மாடெல்லாம் மேயப் போயிருக்கிற நேரத்தில்கூட, ஜல்ஜல் என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும், பெண்கள் சோறு வடிப்பதை நிறுத்திவிட்டு, "நம்முளுதா, பக்கத்து ஊட்டுதா?" என்று காது கொடுப்பார்கள்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கப் போனார்கள். வர்ணம் காற்றில் நிற்காமல் தரையில் கொட்டியது. போகப்போகப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு தரைக்கே பொட்டு வைத்துப் பொங்கல் ஊட்டினார்கள். ஒருவன் காளை இன்னொருவன் மிளகாய்க் காட்டில் மேய்ந்துவிட்டது என்று பஞ்சாயத்து நடந்தது, கயிற்றைப் பிடித்தவன் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றான், மிளகாய்க்காரன் கயிறு நீளம் என்றான், கடைசியில் நாலு ரிஷபா காயின் அபராதம் விதித்து, அது போனிலிருந்து போனுக்குப் போக மாட்டேன் என்றதால் மன்னித்து அனுப்பினார்கள். ஒரு கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பவுனும் ஒரு கயிறும் கேட்டார்கள்.

கோமாரித் தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டரம்மா ஜெனிபர்தான் பாவம். வீடு வீடாக இழுத்துப் போய்க் கயிற்றுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"எங்கே போடறது?" என்றார்.

"கழுத்துல போடுங்க. சுருக்குக்கு மேல."

அவர் காற்றில் ஊசியைக் குத்தினார். மருந்து நேராகப் போய் எதிர்ச் சுவரில் பட்டது.

"மாடு துள்ளவே இல்லையே," என்றார் டாக்டரம்மா.

"சாதுங்க," என்றான் திருமூர்த்தி.

அவர் பதிவேட்டில் காணப்படவில்லை என்று எழுதினார். மாடு காணப்படவில்லையா, நோய் காணப்படவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழ் மாதிரி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இதில் நான் தரகனாகக் கண்டது ஒன்று. கயிறு பெருக்கப் பெருக்க, ரத்தமும் சதையுமான மாடு குறைந்தது. கட்டுத்தாரையில் இடம் இல்லை, தவிட்டுக்குப் பணம் இல்லை, கிஷோர் சார் வேறு சீக்கிரம் இன்னொரு கன்று வாங்குங்கள், விலை ஏறப்போகிறது என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் வாரா வாரம் கறக்கிற மாட்டை எல்லாம் சந்தைக்கு ஓட்டி வந்தார்கள். வெளியூர் வியாபாரிகள் லாரியோடு வந்து பாதி விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது எழுதப் போவதை எழுதாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் வரிசைப்படி எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். நானும் ஒரு கயிறு கட்டினேன்.

ஏன் என்று கேட்டால், திருமூர்த்தியின் கயிறு என் தலைக்கு மேலே போய்விட்டது. டீக்கடையில் அவனுக்கு முதல் டீ, எனக்கு நாலாவது டீ. என்னை நடுச்சந்தையில் நிறுத்திவிட்டுப் போனவனுக்கு ஆளுயரக் காளை, எனக்கு ஒன்றும் இல்லை என்றால் எப்படி? ஆறு ஆட்டை விற்று இருபதாயிரம் அனுப்பினேன். யாருக்கும் தெரியாமல் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் கட்டினேன். கயிறு எழுந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க நன்றாக இருந்தது.

என் மனைவி சாமியாத்தாளுக்குக் கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி இருக்கிறது. எந்த மாடு எத்தனை கூடை போடும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பதினோராம் நாள் இடுப்பில் வெறுங்கூடையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, பட்டிக்குப் பின்னால கட்டியிருக்கறது என்னுங்க?"

"எது?"

"சும்மா இருங்க. பதினோரு நாளா என்ற தவுட்டத் திங்குது. ஒரு கூடை சாணி போடல."

"ஒசந்த சாதி. செரிக்க நாளாகும்."

"பதினோரு நாளுங்களா? யானையே காலையில தின்னா பொழுதோட போடும். உள்ள போறது மட்டும் போகுது, வெளிய ஒண்ணும் வரமாட்டேங்குதுன்னா அது மாடில்லீங்க. என்னமோ பொந்து."

முப்பத்தொரு வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவனுக்கு இதை ஒரு வெறுங்கூடை சொல்லவேண்டியிருந்தது. அன்று மதியமே போனை எடுத்து, என் இருபதாயிரம் முப்பத்து நாலாயிரமாக நிற்பதைப் பார்த்து, ஐயாயிரத்தை மட்டும் வெளியே எடுக்கப் பார்த்தேன். கயிறு அவிழ வேண்டுமானால் நாலாயிரம் வரி முதலில் கட்டவேண்டும் என்று வந்தது. ரிஷபா குடும்பம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, இருநூற்றுச் சொச்சம் பேர். அதில் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர மீதிப் பேர் எல்லாம் தினமும், நான் இரண்டு காளை விற்றுக் கார் வாங்கினேன், நன்றி சார் என்று எழுதுவார்கள். அதில் ஒருவனைப் பிடித்து, "உனக்கு எந்த ஊருப்பா, சந்தை என்னைக்கு?" என்று கேட்டேன். அடுத்த நிமிஷம் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நானும் கட்டியிருந்தேன் என்பது திருமூர்த்திக்குத் தெரிந்துவிடுமே. ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றரை மாதத்தில் வாரா வாரம் மாடு லாரி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணாத்தாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணா, வர்ற வியாழன் மயிலையச் சந்தைக்கு ஓட்டறாரு."

மயிலை அவள் பிறந்த வீட்டிலிருந்து கன்றாக வந்த பசு. வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதன் பாலில்தான் அவள் மகள் கோயமுத்தூரில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"காளை எட்டு லச்சத்துல நிக்குதாம். அவுத்து உடோணும்னா நாப்பதாயிரம் கட்டோணுமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டலைன்னா காளை செத்துப்போயிருமாம். காளைய அவுக்கறதுக்குப் பசுவ வித்துட்டா நாளைக்கு எதைக் கறக்கறதுங்ண்ணா, கயித்தையா?"

"நீ சொல்லிப் பாக்கறதுதான?"

"உனக்குப் பொறாமைங்கறாரு. என்ற புருசன் காளை மேல எனக்கென்ன பொறாமை? நீங்க சொல்லுங்க."

"அவன் என்கிட்டப் பேசி ஏழு மாசமாச்சு, அம்மணி. என்ற மூணு வெரலுக்கே பதில் சொல்லல."

"அப்ப துண்டப் போட்டுக் கேளுங்க," என்றாள் கண்ணாத்தாள். "ஊட்டுல எத்தனை வேணும்னாலும் பொய் சொல்லுவாரு. துண்டுக்குள்ள சொன்னதில்ல."

சாமியாத்தாள் உள்ளேயிருந்து வெறுங்கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை சந்தை நிறைந்திருந்தது. வெளியூர் லாரிகள் ஓரமாக நின்றன. திருமூர்த்தி மயிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன். மயிலை அவன் சட்டைக் காலரை நக்கிக்கொண்டிருந்தது. லாரிக்காரன் ஒருவன் ஏற்கனவே அதன் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள," என்றேன். ஏழு மாதத்தில் முதல் வார்த்தை.

"என்னுங்க மாமா?" மரியாதையை மட்டும் அவன் விட்டதில்லை, அதையும் சொல்லவேண்டும்.

"மயிலை இருக்கட்டும். உன்ற காளைக்கு வெல பேச வந்திருக்கறன்."

லாரிக்காரன் மடியிலிருந்து கையை எடுத்தான். கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது.

"ரிஷபாவுக்கா? எட்டு லச்சம் மாமா. உங்களுக்கு ஆகாது."

"ஆகறது ஆகாதது துண்டுக்குள்ள. மொதல்ல மாட்ட அவுத்துக் கொண்டா. கட்டிப்போட்ட மாட்டுக்கு எவன் வெல சொல்லுவான்? நடக்க வெச்சுப் பாக்க வேண்டாமா?"

"அவுக்கறதுக்குத்தான் நாப்பதாயிரம் கட்டோணும்."

"ஆருக்கு?"

"கிஷோர் சாருக்கு."

"அவரு மாட்டுக்காரரா, தரகரா?"

திருமூர்த்தி கொஞ்சம் யோசித்தான். "தரகராட்டத்தான்."

"நீயும் தரகன், நானும் தரகன். தரகன் எப்ப காசு வாங்குவான்? மாடு கை மாறுனதுக்கு முன்னாலயா, பொறகா?"

பதில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் மயிலையின் காதைத் தடவினான்.

"முப்பத்தொரு வருசத்துல," என்று நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன், "மாட்டக் காட்டறதுக்கு முன்னால ஒரு டீயாச்சும் வாங்கிக் குடிச்சிருப்பமா?"

"நீ குடிச்சிருக்கறே, ராக்கியண்ணா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சந்தையே சிரித்தது.

"டீ வேற," என்றேன். "போனப் போடு மாப்ள. ஸ்பீக்கர்ல போடு."

போட்டான். இனிப்புக் கடைக்காரர் மாதிரி ஒரு குரல் வந்தது. "வணக்கம் திருமூர்த்தி சார்! பேமென்ட் ரெடியா சார்?"

"சார், நான் அவரு மாமன், ராக்கியப்பன். காளை எட்டு லச்சம்னு காட்டுது. உங்க நாப்பதாயிரத்த அதுலயே புடிச்சுக்கிட்டு, மீதி ஏழு லச்சத்து அறுபதாயிரத்தக் குடுத்துருங்க."

"அது முடியாது சார். வரி தனியாத்தான் கட்டணும்."

"சரி, மீதியில பாதிய நீங்களே வெச்சுக்குங்க. சும்மா வெச்சுக்குங்க."

சந்தையில் மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்தின மாதிரி இருந்தது. மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேலே இனாமாக வருகிறது என்றால் எந்தத் தரகன் வேண்டாம் என்பான்?

"சிஸ்டம் அப்படி அலோ பண்ணாது சார்," என்றார் கிஷோர் சார்.

திருமூர்த்தியின் முகம் அப்போதுதான் மாறியது. அவன் மோசமான மச்சினன், ஆனால் நல்ல தரகன்.

"அப்படீங்களா. சரி சார், நம்ம ஊரு வழக்கத்துல முடிச்சுக்கலாம். துண்டப் போடறன், கையக் குடுங்க," என்றேன். என் தோளில் இருந்த துண்டில் பழைய பேரம் கிடந்ததால் அதை விரிக்க முடியாது. கயிற்றுக்கடைக்காரரின் துண்டை வாங்கி, திருமூர்த்தியின் கையில் இருந்த போன்மேல் போர்த்தி, உள்ளே கையை விட்டேன். மூன்று விரலைத் தேடினேன். வழவழப்பாக ஒரு கண்ணாடி இருந்தது. ஓரத்தில் இரண்டு பொத்தான் இருந்தது. சூடு இருந்தது, வியர்வை இல்லை.

"என்ன சார் நடக்குது அங்க?" என்றது துண்டு.

"வெரலக் காணமுங்க சார்," என்றேன். பிறகு திருமூர்த்தியிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "துண்டுக்குள்ள வெல தெரியாது மாப்ள. ஆனா கை இருக்கும். ஊருக்கெல்லாம் துண்டாட்டமுன்னு சொன்னியே, இதுல கை எங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் கூட்டம் புகுந்துவிட்டது. "சார், என்றதுலயும் புடிச்சுக்குங்க!" "எனக்குப் பாதி போதுமுங்க சார்!" "சார், என்ற காளைய நீங்களே வெச்சுக்கிட்டு போட்ட காசக் குடுங்க!" அறுபத்து மூன்று வீட்டுக்காரர்களும் போனைச் சுற்றி நின்று கத்த, கிஷோர் சார், ஒரு நிமிஷம் லைனில் இருங்கள் என்றார். லைன் அறுந்தது. ஒவ்வொருவரும் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். குழு இல்லை, காயின் இல்லை, கோட் போட்ட படம் இல்லை.

அந்த நேரம் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, பாத்திரக்கடை அலமாரி மொத்தமாகச் சாய்ந்த மாதிரி. அறுபத்து மூன்று கயிறும் ஒரே நேரத்தில் தொப்பென்று தரையில் விழ, அறுபத்து மூன்று சலங்கையும் ஒரே ஒரு தடவை குலுங்கி நின்றன. என் பட்டிக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்தால் அறுபத்து நாலு. என்னுடையதில் நான் சலங்கை கட்டவில்லை.

நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். நான் நினைத்தது அதுதான், மறைப்பானேன்.

"எட்டு லச்சம் மாமா," என்றான் திருமூர்த்தி. கண்ணில் தண்ணீர். "எட்டு லச்சத்தத் தொரத்தி உட்டுட்டீங்க."

"சாதுவான காளைக. கத்திக் கத்தியே மெரட்டிட்டாரு," என்றான் மிளகாய்க்காட்டு வழக்கில் மன்னிக்கப்பட்டவன்.

அன்று மாலை பஞ்சாயத்துக் கூட்டி, அறுபத்து மூன்று காளைகளை விரட்டியதற்கு எனக்கு என்ன அபராதம் போடலாம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் எழுந்து என்னுடையதும் ஓடிவிட்டது என்று சொன்னேன். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, சிரித்தவர்களின் பெயரும் இருக்கிறது.

டாக்டரம்மாதான் மறுநாள் காலையில் வண்டியை நிறுத்தி, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் போடுங்க, போன் மோசடிக்குப் புகார் சொல்ற போலீஸ் நம்பர். உடனே சொன்னா, போன பணம் எங்கயாவது தங்கியிருந்தா நிறுத்தி வெக்கப் பார்ப்பாங்க. நாள் போனா அதுவும் இல்லை," என்றார். ஒரு எருமை காணோம் என்றால் தமுக்கடிக்கிற ஊர், இதற்குக் கதவைச் சாத்திக்கொண்டது. பதினோரு பேர்தான் போன் செய்தோம். எந்தத் தேதி, எந்தக் கணக்கு, எவ்வளவு என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். காளை, கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று பேருக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது. எனக்கு நாளாகிவிட்டது, பார்க்கிறோம் என்றார்கள். திருமூர்த்தி போன் செய்யவே இல்லை. காளை திரும்பி வந்தால் புகார் கொடுத்தது தெரிந்து கோபித்துக்கொள்ளுமாம்.

மயிலை வீட்டில் நிற்கிறது. கண்ணாத்தாள் தினமும் காலையில் அரை லிட்டர் பால் கொடுத்தனுப்புகிறாள். அது கண்ணாத்தாள் கொடுப்பது. அவன் கடன் அதில் கழியாது. சாமியாத்தாள் அதற்குப் பதிலாகக் கூடையை எடுத்துக்கொண்டு போய் மயிலை போடுவதை அள்ளி வருகிறாள், வரும்போதெல்லாம் என் முன்னால் கூடையை இறக்கி, "இதுதானுங்க மாடு," என்கிறாள்.

இந்த ஆடி பிறந்து முதல் வியாழக்கிழமை, சந்தை கலைகிற நேரத்தில், திருமூர்த்தி தானாக நடந்து என்னிடம் வந்தான். கையில் போன்.

"மாமா, ஒரு ஆளு கூப்புட்டான். ஓடிப்போன காளை எல்லாம் ஒரு எடத்துல நிக்குதாம். புடிச்சுக் குடுக்கறானாம்."

"கூலி?"

"அஞ்சாயிரம்."

"முன்கூலியா, பின்கூலியா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முன்கூலி," என்றான்.

நான் தோளிலிருந்து அந்தத் துண்டை எடுத்து விரித்தேன். ஒரு வருஷத்து அழுக்கு, விரிக்கும்போது காய்ந்த ரொட்டி மாதிரி முறுமுறுத்தது. அவன் மூக்கைச் சுளித்தான், ஆனால் கையை உள்ளே விட்டான். அதே மூன்று விரலைப் பிடித்து அழுத்தினேன். வியர்த்திருந்தது. அவன் சுண்டுவிரல் என் உள்ளங்கையில் ஏதோ சொல்ல ஆரம்பித்தது.

போன் அடித்தது.

அவன் கையை உருவினான். இந்த முறை போனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிவப்பை அழுத்தி, அந்த நம்பர் இனி வராதபடி தடுத்துவிட்டு, போனைப் பையில் போட்டான். செய்ததெல்லாம் சரி. ஆனால் கை வெளியே இருந்தது.

"பதில்?" என்றேன்.

"அந்த ஜோடிக் காளை போயி வருசமாச்சு மாமா. இப்ப எதுக்கு வெல சொல்றது?"

"காளைக்கில்ல மாப்ள. கைக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். "லேட்டாச்சு. அடுத்த வியாழன் சொல்றனே," என்றுவிட்டு மயிலைக்குத் தவிடு வாங்கப் போனான்.

அதற்கப்புறம் ஆறு வியாழக்கிழமை போய்விட்டது. கேட்டால், மழை வருகிறாப்போல இருக்கிறது என்கிறான். சாமியாத்தாள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் துவைக்கிற கல்லிலிருந்து, "அந்தக் கருமத்தக் கொண்டாங்க, ஊடே நாறுது!" என்று கூப்பிடுகிறாள். நாறட்டும். மூன்று விரலுக்குப் பதில் வரும்வரை இந்தத் துண்டில் தண்ணீர் படாது.